இரண்டு மணிநேரம் காத்திருக்கத் தெரிந்த பிள்ளையா உங்கள் மகள்?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேல்நிலைத் தேர்வு முடிவு வந்துவிட்டது. மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. மகளோ ஹார்மோன் கோளாறுகளைப் பற்றிய மருத்துவ ஆய்வில் சேரப்போவதாகச் சொல்கிறாள். "டாக்டராக முடியாததால் தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறாளோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், சொல்லலாமா வேண்டாமா என்ற தயக்கத்தோடு ஒரு வரி: அவளுக்கே பதினேழு வயதில் பிசிஓஎஸ் இருப்பது தெரியவந்தது, சொந்தக்காரர்கள் யாருக்கும் சொல்லவில்லை.

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். சினைப்பை நீர்க்கட்டி என்று தமிழில் சொல்லும்போதே பாதி உயிர் போய்விடுகிறது. 1935ஆம் ஆண்டு சிகாகோவில் ஸ்டைன், லெவன்தால் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். சினைப்பையின் தோற்றத்தை வைத்து ஒட்டிக்கொண்ட பெயர் இன்றும் விடவில்லை. உண்மையில் ஸ்கேனில் தெரிபவை நாம் பயப்படும் வகைக் கட்டிகள் அல்ல. முதிராமல் பாதியில் நின்றுவிட்ட சின்னச்சின்னக் கருமுட்டைப் பைகள். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 10 முதல் 13 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் 70 விழுக்காடு வரை தமக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்துபோகும் பெண்களிலும் ஒருவருக்காவது இருந்திருக்கும். அவரும் சொல்லியிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

மாதவிலக்கு தள்ளிப்போவதும் முகத்தில் ரோமம் வளர்வதும் வெளியே தெரியும். உள்ளே நடப்பதுதான் ஆய்வாளர்களின் கவலை. பலருக்கு இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதை ஈடுகட்ட இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின் சினைப்பையை உசுப்பிவிட்டு ஆண்ட்ரோஜென் என்ற ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று ஒவ்வொன்றாகத் தலைதூக்குகின்றன. 2023இல் வெளிவந்த அனைத்துலக வழிகாட்டி, எடை எப்படி இருந்தாலும் இப்பெண்களுக்கு நீரிழிவு அபாயம் கூடுதல் என்கிறது; இதய நோய்க்கான அபாயக் காரணிகளையும் பார்க்கச் சொல்கிறது. ஒல்லியாக இருக்கிறாள், கவலை இல்லை என்று விட்டுவிட முடியாது.

ஆனால் இந்நோய் இதயத்தைக் கெடுக்குமா என்ற கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று பாருங்கள். நோய் தெரிவது இருபது வயதில். மாரடைப்பு வந்தால் வருவது ஐம்பது, அறுபதில். நடுவில் முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே பெண்களைப் பின்தொடர எந்த ஆய்வுக்குப் பணமும் பொறுமையும் இருக்கிறது? அப்படியே பின்தொடர்ந்தாலும், இதயத்தைக் கெடுத்தது ஹார்மோனா, கூடவே ஏறிய எடையா என்று பிரித்துச் சொல்வது இன்னொரு தலைவலி. இத்துறையில் சில கேள்விகள் ஒருவருடைய பணிக்காலத்தைவிட நீளமானவை. உங்கள் மகள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, தனக்கு இது சம்மதமா என்பதைத்தான்.

நம் சிங்கப்பூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2009இல் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வு, கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூன்று இனத்தாரும் அதில் இருந்தார்கள். கர்ப்பகால நீரிழிவு தாயையும் பிள்ளையையும் பின்னாளில் என்ன செய்கிறது என்பதும் அதன் கேள்விகளில் ஒன்று. அந்தப் பிள்ளைகள் உங்கள் மகளைவிடச் சில வயதே இளையவர்கள். அவர்களை இன்னும் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, டாக்டர்களுக்குத்தான் அனுபவம் இருக்கிறதே என்று கேட்கத் தோன்றும். மாதவிலக்கு நின்றபின் ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதயத்துக்குப் பாதுகாப்பு என்று உலகமே ஒரு காலத்தில் நம்பியது. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து முறையாகச் சோதித்தபோது, மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடியதோடு இதயத்துக்கும் பாதுகாப்பு கிடைக்கவில்லை. 2002இல் அந்தச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். எந்த வயதில் தொடங்கினால் என்ன விளைவு என்ற நுணுக்கமான விவாதம் பிறகு வளர்ந்தது. ஆனாலும் நல்லெண்ணமும் அனுபவமும் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

(ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஹார்மோன் என்றாலே பெண்கள் சமாசாரம் என்று உங்கள் கணவர் நினைத்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைப் பற்றி மகளைச் சொல்லச் சொல்லுங்கள். அது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்தால் ரத்த அழுத்தம் ஏறும். 1955இலேயே கான் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்தது. இன்றும் பலர் அதைச் சாதாரண ரத்த அழுத்தம் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறார்கள்.)

இனி வேலை. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி, பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவ அறிவியல் பட்டயம் முடித்து ஆய்வு ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தாள். காலை ஏழரைக்கு வெறும் வயிற்றோடு வரும் பெண்களுக்கு முதல் ரத்தம் எடுப்பார்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வைப்பார்கள். இரண்டு மணிநேரம் கழித்து மறுபடியும் ரத்தம். அதுவரை வேறெதுவும் வாயில் படக்கூடாது. ஒருநாள் ஓர் அம்மா, குமட்டல் தாங்காமல் கீழே காப்பிக் கடைக்குப் போய், "ஒரே ஒரு மடக்குத்தான்மா" என்று தே சி (பால் தேநீர்) குடித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் பார்க்கவில்லை. அவராகவேதான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த மாணவி என்ன செய்தாள்? அந்தக் காலைப் பொழுது வீண் என்று தெரிந்தே, நடந்ததை நடந்தபடி பதிவேட்டில் எழுதினாள். பதற்றத்தில் நேரத்தைத் தப்பாகக் குறித்துவிட்டாள். அதை வெள்ளை மை பூசி மறைக்கவில்லை. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான நேரம், கையெழுத்து, தேதி. பழைய எழுத்து கீழே தெரிய வேண்டும் என்பது இந்தத் தொழிலின் விதி. இந்த வேலைக்குத் தகுதி என்று நான் நினைப்பது இந்தக் குணத்தைத்தான். உயிரியலில் 'ஏ' பிறகு வரட்டும்.

தமிழும் இங்கே கைகொடுக்கும். 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டப்படி, ஆய்வில் சேர்பவரிடம் விளக்கிச் சொல்லி எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெற வேண்டும். மாதவிலக்கு எத்தனை நாள் தள்ளிப்போனது என்று ஆங்கிலத்தில் கேட்டால் தலையை மட்டும் ஆட்டும் ஓர் அம்மா, தமிழில் கேட்டால் கதையே சொல்வார். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு சீனர்களைவிட அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நம்மவர்கள் ஆய்வில் சேர்ந்தால்தான் நம் உடலைப் பற்றிய விவரமும் கிடைக்கும்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வு வேலைகள் பல, மானியம் இருக்கும்வரைதான். ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்கள் சகஜம். டாக்டர் சம்பளத்தோடு ஒப்பிடவே வேண்டாம். ஒருங்கிணைப்பாளர் நிலையிலேயே தேங்கிவிடவும் வாய்ப்பு உண்டு. மேலே போக விரும்பினால் முனைவர் பட்டம் வேண்டும், அல்லது புள்ளியியலில் நல்ல பிடி. உயிர் அறிவியல், மருந்தியல், தாதிமை என எந்தப் பட்டத்துக்குப் போனாலும் புள்ளியியலைத் துணைப்பாடமாக எடுக்கச் சொல்வேன். ரத்தம் எடுக்கப் பலருக்குத் தெரியும். எடுத்த எண்களைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். மருத்துவக் கதவும் அடைபட்டுவிடவில்லை. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி பட்டதாரிகளைத்தான் சேர்க்கிறது, நான்காண்டில் ஓராண்டை ஆய்வுக்கே ஒதுக்குகிறது. ஆனால் "எப்படியும் பிறகு டாக்டராகிவிடுவாள்" என்று நீங்கள் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டு வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது சட்டென்று தெரிந்துவிடும்.

விண்ணப்பக் கட்டுரையில் தன் நோயைப் பற்றி எழுதலாமா என்று அவள் கேட்டதாகச் சொன்னீர்கள். முடிவு அவளுடையது, உங்களுடையதோ என்னுடையதோ அல்ல. எழுதினால் ஒரு பத்தி போதும். தெரிந்தபின் என்ன செய்தாள், எதைப் படித்தாள், எந்தக் கேள்வி அவளை விடாமல் துரத்துகிறது என்பது மீதியில் வரட்டும். தன் நோய் தந்த ஆர்வம் நல்ல எரிபொருள்தான். ஆனால் மற்றவர்களுடைய ரத்த மாதிரிக் குப்பிகளில் பெயர் ஒட்டும் ஆயிரமாவது காலையில் அது தீர்ந்துபோயிருக்கலாம். அப்போதும் கையில் வேலை ஓடுமா என்று பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளை அழைத்து வாருங்கள். மதிப்பெண் சான்றிதழ் தேவையில்லை. வேதியியல் செய்முறை ஏட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அடித்துத் திருத்திய பக்கங்கள் இருந்தால் கிழித்துவிட வேண்டாம், நான் முதலில் பார்க்கப்போவது அவற்றைத்தான்.