அண்ணா நகரா, திருவான்மியூரா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புனேயிலிருந்து வரும் மே மாதம் சென்னைக்குக் குடிவருகிறோம். கணவருக்குத் தரமணியில் ஐ.டி. அலுவலகம், வாரத்தில் மூன்று நாள் போனால் போதும். எனக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஆறு நாளும் காலை எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். மகன் சி.பி.எஸ்.இ. எட்டாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. மாமியாருக்கு 74 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். கணவர் திருவான்மியூர் என்கிறார், என் தங்கை அண்ணா நகர் என்கிறாள். வாடகை இரண்டு இடத்திலும் எங்களுக்குக் கட்டுப்படியாகும். எங்கே வீடு பார்ப்பது?
– வாசகி, புனே

பதில்: அண்ணா நகரில் பாருங்கள். கணவருக்கு மூன்று நாள், உங்களுக்கு ஆறு நாள் என்ற கணக்கே பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது.

திருவான்மியூரிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டை இருபது கிலோமீட்டருக்கு மேல். அடையாறு, கிண்டி, வடபழனி, கோயம்பேடு, பாடி என்று நெரிசல் பிடிக்கும் இடங்கள் எல்லாம் அந்த வழியில்தான். ரயிலில் போவதென்றால் திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறி, பூங்கா நகரில் இறங்கி, மூர் மார்க்கெட் புறநகர் நிலையத்துக்கு நடந்து, அங்கே வேறு ரயில் பிடித்துப் பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டும். எல்லாம் நேரத்துக்கு வந்தாலும் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். எட்டரைக்கு ஆலையில் இருக்க வேண்டியவருக்கு இது ஆகாது. அண்ணா நகர் மேற்கிலிருந்து உங்களுக்கு ஆறேழு கிலோமீட்டர்தான்.

கணவரின் பயணமும் மோசமில்லை. திருமங்கலத்தில் மெட்ரோ ஏறினால் அரை மணிக்குள் ஆலந்தூர். வண்டி மாறி அடுத்த நிலையம் கிண்டி. அங்கிருந்து தரமணிக்குப் பேருந்து அல்லது ஆட்டோ. மத்திய கைலாஷ் தாண்டும் அந்தக் கடைசித் துண்டுதான் சிரமம், அதுவும் மாலை ஆறு மணிக்கு மேல். நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தால் ஐந்து மணிக்கே கிளம்பிவிடச் சொல்லுங்கள். கடற்கரைக்காகத் திருவான்மியூர் கேட்கிறார் என்று தோன்றுகிறது. அது ஞாயிற்றுக்கிழமை விஷயம்.

மாமியாருக்கும் இந்தப் பக்கமே வசதி. இதய சிகிச்சைக்குப் பெயர்பெற்ற மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் முகப்பேரில் இருக்கிறது. சாந்தி காலனியில் சுந்தரம் மெடிக்கல் பவுண்டேஷன். ஊருக்குப் போய்வர எழும்பூர் ரயில் நிலையம் அதே மெட்ரோ பாதையில் வருகிறது. ஒரு குறை: தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கோயம்பேட்டிலிருந்து இல்லை, கிளாம்பாக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பேருந்தில் போகும் பழக்கம் உள்ளவருக்கு அது நீண்ட அலைச்சல்.

இனி பள்ளிக்கூடம். வீட்டுக்கு முன்னால் முடிக்க வேண்டியது இதுதான். மே என்று எழுதியிருக்கிறீர்கள்; சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஏப்ரலிலேயே வகுப்பு தொடங்கிவிடும். மகன் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். பொதுத்தேர்வுக்கான பதிவு ஒன்பதிலேயே நடக்கிறது. ஒன்பதைப் புனேயில் முடித்துவிட்டுப் பத்தில் இங்கே சேர்ப்பதென்றால், பெற்றோரின் இடமாற்றம் போன்ற காரணத்தைச் சான்றோடு காட்டி வாரிய அனுமதி பெற வேண்டும். எனவே இந்த ஆண்டு மாறுவதே நல்லது. பிள்ளைகளோடு நீங்கள் மட்டுமாவது மார்ச் கடைசியில் வந்துவிடுங்கள்.

எஸ்.பி.ஓ.ஏ., சின்மயா வித்யாலயா, கேந்திரிய வித்யாலயா மூன்றும் அந்தப் பகுதியில் உள்ளவை. ஒன்பதாம் வகுப்பில் புதிதாக இடம் கிடைப்பது, யாராவது மாறிப்போவதைப் பொறுத்தது. நான்கைந்து பள்ளிகளில் விண்ணப்பம் போட்டு வையுங்கள். இடம் உறுதி என்று எழுத்தில் வந்த பிறகு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள். வீட்டை முதலில் பிடித்துவிட்டு, பிள்ளையை நகரின் மறுகோடிக்கு வேனில் அனுப்பும் குடும்பங்கள் சென்னையில் ஏராளம். மகனை எந்த இரண்டு மொழிகளில் பதிவு செய்வார்கள் என்றும் கேளுங்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் ஒன்பதில் வரும் பிள்ளைக்கு இந்தி எடுக்க வழி உண்டா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்றாம் வகுப்பில் தமிழ் ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும்.

அண்ணா நகருக்குள் எங்கே? வீட்டுவசதி வாரியம் திட்டமிட்டுப் போட்ட பகுதி என்பதால் தெருக்கள் நேராக இருக்கும், முகவரி எளிது, மரநிழல் உண்டு. 1968 உலக வர்த்தகப் பொருட்காட்சிக்குக் கட்டிய கோபுரமும் அதைச் சுற்றிய பூங்காவும் கிழக்குப் பக்கம். மாமியாரின் நடைப்பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இரண்டாவது நிழற்சாலையிலும் அதை ஒட்டிய முதல் வரிசைத் தெருக்களிலும் மட்டும் வேண்டாம். சாப்பாட்டுக் கடைக்கு வருபவர்களின் வண்டி இரவு பதினொன்று வரை உங்கள் கேட்டை மறித்து நிற்கும். திருமங்கலம் சந்திப்பை ஒட்டி இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடக்கிறது. தூசியும் போக்குவரத்து மாற்றமும் இருக்கும். உங்கள் பயணத்துக்கு மேற்குப் பகுதியின் உள்தெருக்கள் பொருத்தம். அங்கே கிடைக்காவிட்டால் முகப்பேர் கிழக்கு, வாடகையும் குறையும்.

வீடு பார்க்கும்போது தரகர் வாயைப் பார்க்காதீர்கள். ஓட்டேரி நல்லா என்ற மழைநீர்க் கால்வாய் அந்தப் பகுதி வழியாக ஓடுகிறது. பெருமழையில் அதை ஒட்டிய தெருக்களில் தண்ணீர் ஏறும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எதுவரை தண்ணீர் நின்றது என்று தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள். அவருக்கு வீட்டை வாடகைக்கு விட வேண்டிய அவசியம் இல்லை. மதில் சுவரின் கீழ்ப்பகுதியில் கோடாக நிறம் மாறியிருக்கிறதா, மின்சார மீட்டர் பெட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரம், லிஃப்ட் குழியில் ஈரம் உண்டா என்று பாருங்கள். மின்தடையில் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் ஓடுமா என்பதைக் கேட்டால் மட்டும் போதாது, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாமியார் மாடி ஏற முடியாது அல்லவா?

தண்ணீர்க் கணக்கு எளிது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் உங்கள் ஐந்து பேருக்கு 675 லிட்டர். எட்டு வீடுள்ள கட்டடத்துக்குத் தோராயமாக ஐயாயிரம். கோடையில் லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் 9,000 லிட்டர் லாரி வரும். சம்ப் அதைவிடச் சிறியதாக இருந்தால் பாதி லாரித் தண்ணீருக்கு முழுப் பணம் கொடுப்பீர்கள். ஆகவே சம்பின் கொள்ளளவு, மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, போர் தண்ணீர் சமையலறைக் குழாயிலும் வருகிறதா, மூன்றையும் கேளுங்கள்.

கேள்வி: கோவையிலிருந்து சோழிங்கநல்லூர் வேலைக்கு மாறுகிறேன். குடும்பத்தோடு திருவான்மியூர் வால்மீகி நகரில், கடலிலிருந்து மூன்றாவது தெருவில், 1990களில் கட்டிய ஃபிளாட் வாடகைக்கு வருகிறது. பழைய கட்டடம் என்பதைத் தவிர வேறு குறை தெரியவில்லை. எடுக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: உங்கள் வேலைக்கு இடம் அருமை. பழைய மகாபலிபுரம் சாலை அடைத்துக்கொண்டால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அக்கரை வரை போய் வலது பக்கம் திரும்பிச் சோழிங்கநல்லூர் சேரலாம். இப்படி இரண்டு வழி இருப்பது சென்னையில் பெரிய விஷயம்.

குறை உப்புக்காற்று. பால்கனிக்குக் கீழே நின்று மேல்தளத்தின் அடிப்பகுதியை அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் வரிசையில் பழுப்புக் கோடோ, காரை பெயர்ந்த இடமோ இருந்தால் உள்ளே கம்பி துருவேறி ஊதியிருக்கிறது; மேலே பூசி வண்ணமடித்தால் இரண்டு மழைக்குள் மறுபடி வெடிக்கும். அப்படிப்பட்ட பால்கனிக்குக் கீழே பிள்ளைகள் விளையாடக் கூடாது, வண்டியும் நிறுத்தக் கூடாது. இது ஒன்றிரண்டு இடத்தில் இல்லாமல் கட்டடம் முழுக்கத் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

ஏ.சி.யின் வெளிப்பெட்டியைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். சுருளின் அலுமினியத் தகடுகள் உதிர்ந்து, பிறகு வாயு கசியும். எதிர்ப்பக்கச் சுவரில் மாட்டி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை மெல்லப் பீய்ச்சிக் கழுவினால் நெடுநாள் வரும். புதிதாக வாங்கினால் துருத்தடுப்புப் பூச்சு உள்ள சுருளாகக் கேளுங்கள்.

தண்ணீரில் ஒரு சூட்சுமம் உண்டு. அங்கே மணற்பாங்கான நிலம்; மழைநீர் நன்றாக இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதக்கும். ஆழம் குறைந்த கிணற்றில் தண்ணீர் நன்றாக இருக்கும். அதே வளாகத்தில் ஆழமாகப் போட்ட போர் கரிக்கும். டிசம்பரில் ருசி பார்த்து முடிவெடுக்காதீர்கள், அப்போது எல்லாக் கிணறும் இனிக்கும். மே, ஜூனில் டி.டி.எஸ். (ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்ற அளவு) எவ்வளவு என்று குடியிருப்போரைக் கேளுங்கள். 500 வரை நல்லது. 2,000 தாண்டினால் துணி துவைக்கும் இயந்திரமும் கீசரும் சீக்கிரம் கெடும்.

கேள்வி: வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். சட்டம் மூன்று மாதம்தான் என்கிறார்களே?
– வாசகர், திருச்சி

பதில்: 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைதான் வரம்பு. ஒப்பந்தத்தில் நீங்களே பத்து என்று கையெழுத்திட்டால் அந்த விதி உங்களைக் காக்காது. ஐந்து, ஆறில் பேசி முடிக்கப் பாருங்கள். காலி செய்யும்போது வண்ணமடிக்க எவ்வளவு பிடிப்பார், பராமரிப்புக் கட்டணம் யார் பொறுப்பு, பணத்தை எத்தனை நாளில் திருப்புவார் – மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்குங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள்.

கேள்வி: மகாராஷ்டிரப் பதிவு எண் கொண்ட காரை அப்படியே ஓட்டலாமா?
– வாசகர், மும்பை

பதில்: பன்னிரண்டு மாதம் வரை. அதற்கு மேல் இங்கேயே வைத்திருப்பதென்றால் மறுபதிவு கட்டாயம். கிளம்பும் முன்னரே அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கிவிடுங்கள். கார் கடனில் இருந்தால் வங்கியின் கடிதமும் வேண்டும், அதற்குத்தான் நாளாகும். இங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்டி, அந்த ரசீதோடு மகாராஷ்டிரத்தில் மீதி வரியைத் திருப்பிக் கேட்கலாம். பத்து வருடம் ஓடிய வண்டி என்றால் அங்கேயே விற்றுவிட்டு வருவது லாபமா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.