இலக்குச் சுடுதலுக்கும் போட்டிக்கும் முதல் கைத்துப்பாக்கியாக எதை வாங்கலாம்?

9 எம்.எம். குண்டு போடும் துப்பாக்கி வாங்கலாமா, அதைவிடச் சிறிய பாயிண்ட் டூ டூ (0.22 அங்குலக் குண்டு) போதுமா, இல்லை ரிவால்வரா என்று கேட்டிருக்கிறீர்கள். தற்காப்புக்கு இல்லை, இலக்கில் சுட்டுப் பழகி அப்புறம் போட்டிக்குப் போகத்தான் என்றும் சொல்லிவிட்டீர்கள். எந்தப் போட்டி என்பதை மட்டும் சொல்லவில்லை. அது தெரியாமல் ஒருவர் ஒரு மாடலைச் சிபாரிசு செய்தால், பெரும்பாலும் தன்னிடம் இருப்பதைத்தான் சிபாரிசு செய்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பல வருடங்களாகக் கிளப் அளவில் சுடுகிறவன், புதிதாக வருகிறவர்களின் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பதும் உண்டு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போட்டியை முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். முடிவு செய்ய முடியவில்லை என்றால் ஏர் பிஸ்டலோ (காற்றழுத்தத்தில் சுடுவது) பாயிண்ட் டூ டூவோ வாங்குங்கள். 9 எம்.எம். இரண்டாவதாக வரட்டும்.

ஒலிம்பிக்கில் பார்க்கிறோமே, அது ஐ.எஸ்.எஸ்.எஃப். என்ற சர்வதேசச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி நடப்பது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ஒரே கையில் பிடித்து நின்றபடி, 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் வெறும் 11.5 மி.மீ. துப்பாக்கி 4.5 மி.மீ. காலிபர் (குழலின் உள்விட்டம்), எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது, ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தூக்கிக் காட்ட வேண்டும் (அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் வெடிக்கக் கூடாது), முழுத் துப்பாக்கியும் 420-க்கு 200-க்கு 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். 25 மீட்டர் பிஸ்டலுக்கு பாயிண்ட் டூ டூ லாங் ரைஃபிள் தோட்டா. அதில் எடை 1400 கிராமுக்குள், ட்ரிகர் 1000 கிராம், பேரல் (குழல்) நீளம் 153 மி.மீ.க்குள். முதல் 30 குண்டுகளை நிதானமாகச் சுடலாம், அடுத்த 30-ல் இலக்கு ஒவ்வொரு முறையும் 3 விநாடிதான் திறந்திருக்கும், அதற்குள் தாழ்த்தி வைத்திருக்கும் கையைத் தூக்கிச் சுட்டாக வேண்டும். ரேப்பிட் ஃபயர் இன்னும் மோசம், ஐந்து இலக்குகளை 8 விநாடியில், பிறகு 6-ல், கடைசியில் 4-ல். இவை எதிலும் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டிக் குறி பார்க்க உதவும் கருவி) வைக்க அனுமதி கிடையாது.

1976-ல் தொடங்கிய ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேச அமைப்பின் போட்டி வேறு உலகம். இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பு உறையிலிருந்து உருவி, இடம் மாறி ஓடிச் சுடுவது. வாங்கிய புள்ளியை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்துத் தரவரிசை போடுவார்கள். தோட்டாவுக்கும் குறைந்தபட்ச பலம் உண்டு: குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற சிறிய எடை அளவிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் 125 வர வேண்டும். 124 கிரெய்ன் 9 எம்.எம். குண்டு 1010 அடி வேகத்தில் போனால் மயிரிழையில் தாண்டும். 40 கிரெய்ன் பாயிண்ட் டூ டூ பாதிகூட வராது. ஆகவே இந்தப் போட்டிதான் என்று உறுதியாக இருந்தால் 9 எம்.எம். கட்டாயம், அதில் விவாதம் இல்லை.

நடுவில் ஸ்டீல் சேலஞ்ச் மாதிரியும் உண்டு. ஐந்து இரும்புத் தகடுகள், வேகம் ஒன்றுதான் கணக்கு, பாயிண்ட் டூ டூவுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அந்தப் பிரிவில் உறையும் தேவையில்லை. அமெரிக்க புல்ஸ்ஐ போட்டியில் 50 கஜத்திலும் 25 கஜத்திலும் ஒரு கையால் சுடுவார்கள். முழுப் போட்டி என்றால் 270 குண்டு, அதில் முதல் 90 பாயிண்ட் டூ டூ.

இப்போது பாருங்கள், 10 மீட்டருக்கு வாங்கிய ஏர் பிஸ்டலை ஐ.பி.எஸ்.சி.க்கு எடுத்துப் போக முடியாது, ஐ.பி.எஸ்.சி.க்கு வாங்கிய கனமான 9 எம்.எம்.மை 10 மீட்டர் கோட்டில் நின்று ஒன்றும் செய்ய முடியாது. எல்லாவற்றுக்கும் ஒன்று என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். எந்த ரேஞ்சில் சேரப் போகிறீர்களோ அங்கே என்ன போட்டி மாதாமாதம் நடக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். கேட்டால் கிளப் துப்பாக்கியைக் கொடுத்துச் சுடவிடுவார்கள், சுடுகிறவர்கள் இந்த விஷயத்தில் தாராள மனசுக்காரர்கள். உங்கள் நாட்டின் உரிமச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் ஏர் பிஸ்டலுக்கு உரிமமே வேண்டாம், சில இடங்களில் அதற்கும் வேண்டும்.

சரி, போட்டி முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பிராண்டா? இல்லை, கிரிப், அதாவது கைப்பிடி. செருப்பை அளவு பார்க்காமல் வாங்குவீர்களா? போட்டித் துப்பாக்கிகளின் மரக் கிரிப்புகள் சிறியது, நடுத்தரம், பெரியது என்றும், வலது கை இடது கை என்றும் தனித்தனியாக வருகின்றன. கீழே உள்ளங்கையைத் தாங்கும் பலகையை ஏற்றி இறக்கலாம். கடையிலோ கிளப்பிலோ இதைச் செய்து பாருங்கள்: துப்பாக்கி காலி என்பதை நீங்களே திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கையை மெதுவாகத் தூக்கிச் சுடும் உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். மணிக்கட்டைத் திருத்தாமல் கண்ணைத் திறங்கள். முன் சைட் (குழல் முனையில் குறி பார்க்கும் துண்டு) பின் சைட்டின் பள்ளத்தில் நடுவாக, இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சத்தோடு நிற்கிறதா? நின்றால் கிரிப் உங்களுடையது. முன் சைட் ஒவ்வொரு முறையும் இடது பக்கமே ஒதுங்கி நின்றாலோ, பள்ளத்துக்குள் மூழ்கிப்போனாலோ, அந்தக் கிரிப்போடு 60 முறையும் மணிக்கட்டால் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள், நாற்பதாவது குண்டுக்கு மேல் மணிக்கட்டு தோற்றுவிடும். சின்னக் குறை என்றால் எபாக்ஸி மக்கு வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரி செய்யலாம், எல்லோரும் செய்வதுதான். ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதை ட்ரிகரில் நேராகப் படிய வேண்டும், விரலின் மீதிப் பகுதி மரத்தில் உரசக் கூடாது.

இதிலேயே இன்னொன்று. உங்களுக்கு ஆதிக்கக் கண், அதாவது குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண், எது? வலது கைக்காரருக்கு இடது கண் ஆதிக்கமாக இருப்பது சகஜம். புதிதாகத் தொடங்குகிறவர் அப்படி இருந்தால், கிரிப் வாங்குவதற்கு முன்பே கோச்சிடம் பேசி எந்தக் கையில் சுடுவது என்று முடிவெடுங்கள். கையை மாற்ற முடியுமா என்று பயப்படுகிறவர்களிடம் நான் சொல்வது ஹங்கேரியின் கரோய் டகாச் கதையைத்தான். 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கை போனது, இடது கையில் பழகி 1948-லும் 1952-லும் ரேப்பிட் ஃபயரில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்.

கிரிப்புக்கு அடுத்தது ட்ரிகர். நல்ல ட்ரிகர் இரண்டு கட்டமாக வரும்: முதலில் லேசாகப் பின்னால் வந்து ஒரு சுவரில் முட்டி நிற்கும், அதற்கு மேல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எந்த அசைவும் தெரியாமல் உடையும், அதாவது துப்பாக்கி வெடிக்கும். மலிவான துப்பாக்கியில் அந்தச் சுவருக்குப் பிறகு மணலில் இழுப்பது மாதிரி ஒரு நறநறப்பு இருக்கும், அந்த நறநறப்பில்தான் முன் சைட் ஆடும். எடை அதிகமாக இருப்பது பெரிய குற்றம் இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உடைகிறதா என்று பாருங்கள்.

அதென்ன முன் சைட் ஆடினால் அவ்வளவு பெரிய விஷயமா என்றால், கணக்கைப் பாருங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 350 மி.மீ. தூரம் உள்ள ஏர் பிஸ்டலில், முன் சைட் அரை மி.மீ. விலகினால் 10 மீட்டரில் குண்டு சுமார் 14 மி.மீ. விலகும், பத்து போய் ஒன்பது. ஆனால் சைட் இரண்டும் நேராக இருந்து, கை மொத்தமாக அரை மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் இலக்கிலும் அதே அரை மி.மீ.தான், பத்து பத்தாகவே நிற்கும். இதே அரை மி.மீ. கோளாறை, சைட் தூரம் 150 மி.மீ. மட்டுமே உள்ள குட்டித் துப்பாக்கியில் 25 மீட்டருக்குப் போட்டுப் பார்த்தால் 83 மி.மீ. வருகிறது, அது ஏழு. பாக்கெட்டில் அடங்கும் அழகான சின்னத் துப்பாக்கியை இலக்குச் சுடுதலுக்கு வாங்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இனி நீங்கள் கேட்ட 9 எம்.எம். விஷயம். அதன் ரீகாயில், அதாவது உதைப்பு, தாங்க முடியாத அளவு இல்லை, யாரும் தாங்கலாம். சிக்கல் என்னவென்றால், அடி விழப்போகிறது என்று மூளை கற்றுக்கொண்டுவிடும். ட்ரிகர் உடைவதற்கு ஒரு கணம் முன்பே கை தானாக முனையைக் கீழே தள்ளும், வலது கைக்காரருக்குக் குண்டுகள் இடது கீழ் மூலையில் போய்க் கொத்தாக விழும். சுடுகிறவருக்குத் தான் தள்ளுவதே தெரியாது, வெடிச் சத்தத்திலும் உதைப்பிலும் அது மறைந்துபோகும். இதைக் காட்டுவதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது: மேகசினை வேறொருவர் நிரப்ப வேண்டும், நடுநடுவே டம்மி தோட்டா ஒன்றைச் சொல்லாமல் கலந்துவிட வேண்டும். டம்மி வந்த இடத்தில் டிக் என்று ஒரு சத்தம், ஆனால் துப்பாக்கி முனை வெடித்த மாதிரியே குனியும். அதைப் பார்க்கும்போது புதியவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும், நம்பவே மாட்டார்கள். இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு. பாயிண்ட் டூ டூவில் உதைப்பு குறைவு, ஏர் பிஸ்டலில் இல்லவே இல்லை என்று சொல்லலாம், அதனால் கை பயம் கற்காமல் ட்ரிகரைக் கற்கும். தோட்டாச் செலவும் குறைவு, அதே காசுக்குப் பல மடங்கு சுடலாம். துப்பாக்கிக்கு வைத்திருக்கும் பணம் முழுவதையும் துப்பாக்கியிலேயே போட்டுவிட்டு, தோட்டா வாங்கக் கையைப் பிசைகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

ஏர் பிஸ்டலில் பெல்லட் (அதன் சின்ன ஈயக் குண்டு) மெதுவாகப் போகும், பேரலை விட்டு வெளியே வருவதற்கு முன் உங்கள் கை ஆடினால் அப்படியே புள்ளியில் தெரியும். அதனாலேயே சுட்ட பிறகும் அசையாமல் நிற்கும் பழக்கம் தானாக வரும். இந்தப் பழக்கம் பின்னால் எந்தத் துப்பாக்கிக்கு மாறினாலும் கூடவே வரும்.

பெயர்கள் வேண்டும் என்றால் சொல்கிறேன். ஏர் பிஸ்டலில் ஸ்டெயர் எல்பி 10, மொரினி சிஎம் 162, வால்தர் எல்பி 500, ஃபைன்வெர்க்பாவ் பி8எக்ஸ், பார்டினி கே12. இந்த வரிசையில் எதை எடுத்தாலும் துப்பாக்கியைக் குறை சொல்லச் சாக்கு இருக்காது, கையில் எது உட்காருகிறதோ அதுதான். செலவு குறைய வேண்டுமா, பைக்கால் 46எம் பழையது நல்ல நிலையில் கிடைத்தால் தயங்க வேண்டாம், நெம்புகோலை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு, காற்றுச் சிலிண்டரே கிடையாது. பாயிண்ட் டூ டூவில் தொடக்கத்துக்கு ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி. ரூகரின் பழைய மார்க்குகளைக் கழற்றினால் மாட்டுவதற்குள் உயிர் போகும், 2016-ல் வந்த நாலாவது மார்க்கில் ஒரு பொத்தானில் வேலை முடிகிறது. ஆனால் பேரல் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள்: 5.5 அங்குலம் என்றால் 140 மி.மீ., ஐ.எஸ்.எஸ்.எஃப். 25 மீட்டருக்குச் செல்லும். 6.88 அங்குலம் 175 மி.மீ., சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 25 மீட்டரில் தீவிரமாக இறங்குவது என்றால் பார்டினி எஸ்பி, வால்தர் ஜிஎஸ்பி. ஐ.பி.எஸ்.சி.க்கு சிஇசட் ஷேடோ 2 அல்லது க்ளாக் 34. முன்னது எஃகுச் சட்டம், கனம், உதைப்பை உள்ளேயே வாங்கிக்கொள்ளும். பின்னது இலேசு, எங்கு போனாலும் உதிரிபாகம் கிடைக்கும்.

உதிரிபாகம் என்பதைச் சும்மா சொல்லவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் தகுதிச் சுற்றின் நடுவே இந்தியாவின் மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாகி, அதைச் சரிசெய்து கோட்டுக்குத் திரும்புவதற்குள் நிமிடங்கள் பறந்தன, இறுதிச் சுற்று கிடைக்கவில்லை. 2024 பாரிஸில் அதே 10 மீட்டரில் வெண்கலம் வாங்கினார், அது வேறு. அந்த மட்டத்திலேயே இப்படி நடக்கும் என்றால், உங்கள் பக்கத்தில் யாராலும் பழுதுபார்க்க முடியாத துப்பாக்கியை அபூர்வம் என்பதற்காக வாங்காதீர்கள். அதே பாரிஸில் கால்சட்டைப் பையில் ஒரு கையை விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு நின்று வெள்ளி வாங்கிய துருக்கியின் யூசுப் டிகேச்சைப் பார்த்து, உபகரணமே தேவையில்லை என்று பலர் எழுதினார்கள். அவர் கையில் இருந்தது முழுமையான போட்டித் துப்பாக்கி, காதில் அடைப்பானும் இருந்தது. கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பை முதல் நாளே வாங்கிவிடுங்கள், சுட்டு முடித்ததும் கை கழுவுங்கள், பெல்லட்டும் குண்டும் ஈயம்.

பழைய ஏர் பிஸ்டல் வாங்கினால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். 200 பார் அழுத்தம் தாங்கும் பொருள், தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து வருடம்தான் ஆயுள் என்கிறார்கள், அதைத் தாண்டியிருந்தால் புதுச் சிலிண்டர் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். பழைய பாயிண்ட் டூ டூ என்றால் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) விளிம்பில் பள்ளம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டா இல்லாமல் சும்மா ட்ரிகரைத் தட்டித் தட்டி, ஃபயரிங் பின் அங்கே குத்திய தழும்பு அது, அப்புறம் காலித் தோட்டா சிக்கும். நீங்களும் வீட்டில் டிரை ஃபயர் பழகும்போது டம்மி போட்டுத்தான் பழக வேண்டும். ஏர் பிஸ்டல்களில் இதற்கென்றே தனி அமைப்பு இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் தட்டலாம்.

ரிவால்வர் பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமாக: ஐ.பி.எஸ்.சி.யில் அதற்குத் தனிப் பிரிவு உண்டு, அதைக் காதலித்துச் சுடுகிறவர்களும் உண்டு, ஆனால் சுத்தியலைத் தூக்குவதையும் விடுவதையும் ஒரே இழுப்பில் செய்யும் கனமான டபுள் ஆக்ஷன் ட்ரிகரில் தொடங்குவது வீண் கஷ்டம். முதல் துப்பாக்கியாக வேண்டாம்.