எத்தனை பேரைச் சுட்டீங்க?

வாசகர் கேள்விகளுக்கு அஞ்செட்டிப் பக்கத்து முன்னாள் ஹவில்தார் ஒருவர் பதில் சொல்கிறார்

கேள்வி: ஐயா, கார்கில் போரில் எதிரி உட்கார்ந்திருந்த மலைக்குள் நாலு ராத்திரி ரோந்து போனதாக எங்கள் பள்ளி விழாவில் சொன்னீர்கள். எத்தனை பேரைச் சுட்டீங்க என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். இப்போதாவது சொல்லுங்களேன்.
(பிளஸ் ஒன் மாணவர், பாலக்கோடு)

பதில்: யாரையும் சுடவில்லை தம்பி. அன்றைக்கே சொல்லியிருப்பேன், அதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள். வேவு ரோந்தில் போனவன் ஒரு ரவுண்டு சுட்டாலே போன காரியம் கெட்டது என்று அர்த்தம். பார்த்துவிட்டு, பார்த்தது தெரியாமல் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான் வேலை.

1999 ஜூன் இரண்டாம் வாரம், அமாவாசையை ஒட்டிக் கிளம்பினோம். ஆறு பேர். மே மாதம் கார்கிலில் காக்சர் பக்கம் ரோந்து போய்ப் பிடிபட்ட லெப்டினன்ட் சவுரப் காலியா, அவர்கூடப் போன ஐந்து ஜவான்கள், இவர்களின் உடல்களை ஜூன் 9-ம் தேதிதான் பாகிஸ்தான் ஒப்படைத்திருந்தது. அதைப் பற்றி எங்களில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆனால் கிளம்புமுன் எல்லாரும் வீட்டுக்கு லெட்டர் எழுதினோம். நான் எழுதியது மாந்தோப்புக் குத்தகையைப் பற்றி.

நடப்பது ராத்திரியில் மட்டும். பகலில் பனி இளகி முழங்கால்வரை உள்ளே போகும், ராத்திரி இறுகிக் கிடக்கும்போது போனால் தடம் அவ்வளவாகப் பதியாது. விடிவதற்குள் பாறை இடுக்கில் புகுந்துவிட வேண்டும், அப்புறம் இருட்டும்வரை அசைவில்லை, இருமல் வந்தால் மஃப்ளரை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியதுதான், அடுப்பும் கிடையாது, ஷக்கர்பாரா என்கிற பொரித்த இனிப்புத் துண்டும் வெல்லமும்தான் சாப்பாடு, தண்ணீர் பாட்டிலில் பனியை அடைத்து ஜாக்கெட்டுக்குள் வைத்து உருக்குவோம். ரேடியோ செட் பேட்டரிக்கும் இடம் அங்கேதான், வயிற்றோடு ஒட்டி. குளிரில் சீக்கிரம் செத்துவிடும்.

என் அப்பா கேழ்வரகுக் காட்டில் பரண் கட்டிக் காவல் இருந்தவர். யானை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரியும், காற்று வாகாக இருந்தால் அதற்கும் முன்னால் மூக்குக்குத் தெரியும் என்பார். மூன்றாம் நாள் காலையில் காற்று திரும்பியபோது எனக்கு மண்ணெண்ணெய் வாடை அடித்தது. பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பி (கண்ணாடி வெயிலில் மின்னாமல் இருக்க முன்னால் சாக்ஸ் நூலைப் பிரித்துக் கட்டியிருந்தேன்) ஒரு மணி நேரம் பார்த்ததில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒருத்தன் பாறைக்குப் பின்னாலிருந்து வந்து பாத்திரம் கழுவின தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போனான். ஆவி பறந்தது. அது வரைக்கும் அங்கே போஸ்ட் இருப்பதாக எங்கள் மேப்பில் இல்லை. அன்று சாயங்காலம்வரை எத்தனை பேர் வெளியே வருகிறார்கள், எந்தப் பாதையில் சுமை ஏறுகிறது என்று எண்ணிக்கொண்டே கிடந்தோம்.

இரண்டாம் உலகப் போரிலும் இதே வேலைதான் நடந்திருக்கிறது. 1940-ல் எகிப்தில் பேக்னால்டு என்ற பிரிட்டிஷ் அதிகாரி பாலைவனத்தில் வெகுதூரம் போய் வேவு பார்க்க ஒரு படை அமைத்தார். அந்தப் படை ஆட்கள் லிபியாவின் கடற்கரைச் சாலை ஓரம் ஒளிந்து கிடந்து, போகிற வருகிற லாரிகளை ராத்திரி பகலாக எண்ணினார்கள்.

திரும்பும்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம். போன வழியில் வரக்கூடாது, சுற்றி வரவேண்டும், கடைசியில் காவல் நிற்கிற நம் சென்ட்ரியே இருட்டில் சுட்டுவிடலாம். வந்ததும் ஆறு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்து விசாரித்தார்கள். பத்து பேர் இருப்பார்கள் சார் என்றேன். பார்த்தாயா, நினைக்கிறாயா என்று திருப்பிக் கேட்டார் அதிகாரி. பார்த்தது ஏழு.

கேள்வி: இப்போது டிரோன், சாட்டிலைட் எல்லாம் வந்துவிட்டதே, ஆள் போகவேண்டுமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: போகவேண்டும். டிரோனுக்கு மண்ணெண்ணெய் வாடை தெரியாது. தவிர, எல்லையில் ஆள் நடந்து போய்வருவதே இடம் நம்முடையது என்று காட்டுவதற்குத்தான். 2024 அக்டோபரில் சீனாவோடு ஒப்பந்தம் பேசியதே லடாக் எல்லையில் இருக்கிற தெப்சாங், தெம்சோக்கில் ரோந்து போவதைப் பற்றித்தானே.

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரரும் ராணுவத்தில் இருந்து வந்தவர். தூங்கும்போது தொட்டு எழுப்பினால் கையைப் பிடித்து முறுக்கிவிடுகிறார். பிறகு அழுகிறார். என்ன செய்வது?
(வாசகி, பர்கூர்)

பதில்: தங்கச்சி, அது உங்கள் மேல் கோபம் இல்லை. ரோந்தில் தூங்குகிறவனை எழுப்பும்போது சத்தம் போட்டுவிடக் கூடாதென்று முதலில் வாயைக் கையால் பொத்துவோம், அப்புறம்தான் தோளைத் தொடுவோம். உடம்பு அதை மறக்காது. இ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம்) அட்டை இருந்தால் பாலிகிளினிக்கில் சொல்லி மனநல டாக்டரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் போயிருக்கிறேன். அதுவரை தொடாதீர்கள், தள்ளி நின்று பேச்சுக் கொடுங்கள். என் வீட்டில் இன்றைக்கும் காபி டம்ளரோடு கதவுகிட்ட நின்று “ஏங்க, நான்தான்” என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.