"நாளைக்கு இருப்பியா?" என்று கேட்பவரிடம் என்ன சொல்வது?

கேள்வி: எனக்கு 23 வயது. அறிவுசார் குறைபாடு உள்ள ஆறு பேரும் எங்களைப் போன்ற தொண்டர்கள் நான்கு பேரும் ஒன்றாக வாழும் ஒரு வீட்டில் பத்து மாதமாகத் தங்கியிருக்கிறேன். என் பக்கத்து அறையில் இருக்கும் அக்காவுக்கு வயது 46. பதினான்கு ஆண்டுகளாக அங்கே இருக்கிறார். குளிக்க, தலை பின்ன என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார். வேறு யார் வந்தாலும் கதவைச் சாத்திக்கொள்வார். இன்னும் இரண்டு மாதத்தில் மேற்படிப்புக்காக நான் கிளம்ப வேண்டும். தினமும் ராத்திரி, "நாளைக்கு இருப்பியா?" என்று கேட்கிறார். "இருப்பேன் அக்கா" என்கிறேன். கடைசி வாரம் சொன்னால் போதும், இப்போதே சொன்னால் வீடே ரெண்டுபடும் என்கிறார் பொறுப்பாளர். சொல்லாமலே போய்விடு, ரெண்டு நாளில் மறந்துவிடுவார் என்கிறான் கூட இருக்கும் நண்பன். படிப்பை விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். என்ன செய்வது? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: சொல்லிவிடுங்கள், அதுவும் இந்த வாரமே. இரண்டு மாதம் ரொம்ப அதிகம் என்று உங்கள் பொறுப்பாளர் நினைக்கிறார். எனக்கோ அது போதுமா என்றுதான் சந்தேகம்.

அக்கா அங்கே பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறார். தொண்டர்கள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று வந்துபோகும் வீடு அது. அவர் தலைமுடியைப் பின்னிவிட்டு, சிரித்துப் பேசி, ஒருநாள் காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரிவு விஷயத்தில் அந்த வீட்டிலேயே அனுபவசாலி அவர்தான், நீங்கள்தான் புதுசு. தினமும் ராத்திரி அவர் கேட்பதைக் குழந்தைத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர் கேட்கும் கேள்வி அது.

"இருப்பேன்" என்ற பதில் இதுவரை பொய்யாகவில்லை. ஆனால் ஒருநாள் ஆகப்போகிறது. அப்போது உங்கள் பேர் கெடுவதோடு விஷயம் நிற்காது. உங்களுக்கு அடுத்து வரும் பெண் உண்மையாகவே "இருப்பேன்" என்று சொன்னாலும் அக்கா நம்பமாட்டார்.

மறந்துவிடுவார் என்று நண்பர் சொல்வது பழைய நம்பிக்கை. இவர்களுக்குத் துக்கம் ஒட்டாது என்று நெடுங்காலம் பலரும் நினைத்தார்கள். பெற்ற தாய் இறந்ததைக்கூடச் சொல்லாமல் மறைத்த குடும்பங்கள் உண்டு. சொல்லில் வராத துக்கம் வேறு வழியில் வரும். சாப்பாட்டை ஒதுக்குவார்கள், தூக்கம் கெடும், பொருளை வீசுவார்கள், பேசிக்கொண்டிருந்தவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார். பல சமயம் அது சில வாரமோ மாதமோ கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் நீங்கள் கிளம்பியிருப்பீர்கள். "என்னமோ தெரியலை, இப்போ ரொம்பப் படுத்துறாங்க" என்று அக்கா பெயரில் ஒரு குறிப்பு எழுதப்படும். காரணம் நீங்கள்தான் என்று யாருக்கும் தோன்றாது.

எப்படிச் சொல்வது? சின்ன வாக்கியமாக, ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். "நான் படிக்கப் போறேன் அக்கா. இந்த வீட்டை விட்டுப் போறேன்." "கொஞ்ச நாளில்", "பார்க்கலாம்", "சீக்கிரம் வந்துடுவேன்" போன்ற வழவழா பேச்சு வேண்டாம். அவர் அறையில் ஒரு நாள்காட்டியை மாட்டி, நீங்கள் கிளம்பும் தேதியில் உங்கள் படத்தை ஒட்டுங்கள். தினமும் ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டத்தை அடியுங்கள். அவர் கேட்டதும், "நாளைக்கு இருப்பேன். படம் ஒட்டியிருக்கிற நாள் போயிடுவேன்" என்று சொல்லுங்கள். அழலாம், கோபித்துக்கொள்ளலாம், நாள்காட்டியைக் கிழிக்கலாம். புதுசாக ஒன்று மாட்டிக்கொள்ளலாம். கோபப்பட அவருக்கு நியாயம் இருக்கிறது. அதைச் சமாதானம் சொல்லி அடக்கப் பார்க்காதீர்கள்.

பொறுப்பாளருக்குத் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள். அவரோடு எனக்கு உடன்பாடில்லைதான். ஆனால் நீங்கள் போன பிறகு ராத்திரி விழித்திருக்கப்போவது அவர். அவர் பயம் ஆள் பற்றாக்குறையிலிருந்து வருவது, கெட்ட எண்ணமில்லை. "அக்கா நேராகக் கேட்கிறார், இனி என்னால் மழுப்ப முடியாது. எப்படிச் சொல்லலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோமா?" என்று பேசுங்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடத்துக்கு வருகிறேன். வேறு யார் வந்தாலும் கதவைச் சாத்திக்கொள்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கொஞ்சம் பெருமையும் தெரிந்தது. தப்பில்லை, யாருக்கும் வரும். ஆனால் ஒருவரின் குளியலும் உடையும் ரகசியமும் ஒரே ஆள் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று ஆகிவிட்டால், அந்த ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த ஏற்பாடு நல்லதில்லை.

இத்தகைய வீடுகளில் பெயர் பெற்றது 'லார்ஷ்'. 1964-இல் பிரான்சின் ட்ரோஸ்லி-ப்ராய் கிராமத்தில் ஜான் வனியே என்பவர், பெரிய காப்பகம் ஒன்றில் இருந்த ரஃபாயேல், ஃபிலிப் என்ற இருவரைத் தம்மோடு தங்க அழைத்துத் தொடங்கியது. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. உலகமே வனியேவை மகானாகக் கொண்டாடியது. 2019-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே, அவர் பெண்களைப் பாலியல் ரீதியாகப் பயன்படுத்திக்கொண்டதை லார்ஷ் அமைப்பே வெளியார் ஒருவரைக் கொண்டு விசாரிக்கச் செய்து வெளியிட்டது. 2023-இல் வந்த விரிவான அறிக்கை, பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 25 பெண்கள் என்றது. அவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர் எவரும் இருந்ததாக விசாரணையில் தெரியவரவில்லை. இருந்தாலும் எல்லாரும் ஒருவரையே அண்ணாந்து பார்த்தால் அவரைக் கேள்வி கேட்க ஆளிருக்காது என்பது தெரிந்துபோயிற்று. உங்களை அவரோடு ஒப்பிடவில்லை, பதற வேண்டாம். வீடு எதுவானாலும் ஒவ்வொருவருக்கும் நம்பிப் பேச இரண்டு மூன்று பேராவது இருக்க வேண்டும் என்கிறேன்.

அதனால் இந்த இரண்டு மாதத்தில் உங்களுக்கு முக்கியமான வேலை, அக்காவுக்கு நீங்கள் தேவைப்படாமல் போவது. அடுத்து யார் உதவ வேண்டும் என்று அக்காவிடமே கேளுங்கள். வீட்டில் இருக்கும் பெண்களின் படங்களை முன்னால் வைத்தால் கைகாட்டுவார். யாரோடு, எங்கே வாழ்வது என்பது அவரவர் விருப்பம் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. அக்காவின் குளியலறைக்குள் யார் வருவது என்பதிலிருந்து அதைத் தொடங்கலாமே. அவர் கைகாட்டும் பெண் முதலில் பக்கத்தில் வெறுமனே நிற்கட்டும். பிறகு துண்டு எடுத்துக் கொடுக்கட்டும். பின்னல் எவ்வளவு இறுக்கம், தண்ணீர் எவ்வளவு சூடு, எந்தப் பக்கம் தொட்டால் பிடிக்காது என்பதையெல்லாம் அக்காவே அவளுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். கஷ்டம்தான்.

அப்புறம், படிப்பை விடுவது. வேண்டாம். குற்ற உணர்ச்சியில் தங்குகிறவர் கொஞ்ச நாளில் எரிச்சல்படத் தொடங்குவார். அதை முதலில் தாங்கவேண்டியவர் அக்கா. தங்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. யேலிலும் ஹார்வர்டிலும் கற்பித்த ஹென்றி நௌவென் 1986-இல், 54 வயதில், டொராண்டோ அருகே உள்ள லார்ஷ் வீட்டுக்குக் குடிபோனார். பேசவோ தனியாக நடக்கவோ முடியாத ஆடம் என்ற இளைஞரைக் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டும் வேலையைக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் பயந்து நடுங்கியிருக்கிறார். ஆனாலும் சாகும்வரை, பத்தாண்டு, அதுவே அவருக்கு வீடு. அவர் வெளியே வேண்டியதைப் பார்த்துவிட்டு, யோசித்து வந்தவர். நீங்களும் படித்து முடித்த பிறகும் அங்கே போக வேண்டும் என்று தோன்றினால் போங்கள்.

ஆட்கள் நிலைக்காதது உங்கள் வீட்டில் மட்டும் உள்ள சிக்கலும் இல்லை. கார்ல் கோனிக் என்ற மருத்துவர் நாஜிகளிடமிருந்து தப்பி வந்து, 1940-இல் ஸ்காட்லாந்தில் அபர்டீன் அருகே தொடங்கிய, இதே மாதிரி சேர்ந்து வாழும் 'கேம்ப்ஹில்' சமூகத்தில் சம்பளமில்லாமல் பல்லாண்டுகள் குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள் உண்டு. இன்று கேம்ப்ஹில் இடங்கள் பலவற்றில் ஓராண்டுத் தொண்டர்களை நம்பித்தான் நிறைய வேலை நடக்கிறது. இளைஞர்கள் வந்துபோவது நல்லதுதான், வீட்டுக்குள் வெளிக்காற்று வரும். ஆனால் ஐந்தாறு ஆண்டுக்கு மேல் இருக்கிறவர்கள் சிலராவது வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லையென்றால் அது நிர்வாகம் சரிசெய்யவேண்டிய குறை. உங்கள் வாழ்க்கையைக் கொண்டு அதை அடைக்க முடியாது.

போன பிறகு என்ன? வாரா வாரம் பேசுகிறேன் என்று சொல்லாதீர்கள். தேர்வு நெருக்கும் மாதத்தில்கூட எது முடியுமோ அதை மட்டும் சொல்லுங்கள். மாதம் ஒரு அஞ்சலட்டை, பிறந்தநாளன்று ஒரு போன், அவ்வளவுதான் முடியுமென்றால் அவ்வளவுதான். எழுத்தை விடப் படம் நல்லது. அவர் அதை எல்லோரிடமும் காட்டலாம். திடீரென்று போய் நின்று ஆச்சரியப்படுத்தும் வேலை மட்டும் வேண்டாம். வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி, எப்போது திரும்புகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அக்கா தூங்கும்போது ராத்திரியோடு ராத்திரியாக அறையைக் காலி செய்யாதீர்கள். பெட்டி அடுக்கும்போது அவரையும் கூப்பிடுங்கள். நீங்கள் உள்ளே வைப்பதை அவர் வெளியே எடுத்து வைப்பார். மறுபடி வையுங்கள், மறுபடி எடுப்பார். ஒரு முழு நாளாவது பிடிக்கும், அதற்கேற்ற மாதிரி டிக்கெட் எடுங்கள்.