சினாப்ஸுக்குப் புரதம் எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நினைவு நெடுநாள் நிலைக்கப் புதுப் புரதங்கள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு நியூரானில், அதாவது நரம்புச் செல்லில், ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள் (மற்ற நியூரான்களோடு அது இணையும் இடங்கள்) உண்டு. புரதம் செல் உடலில்தான் உண்டாகிறது என்றால், வலுப்பட வேண்டிய அந்த ஒரு சினாப்ஸை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

எல்லாப் புரதமும் செல் உடலில் உண்டாவதில்லை. 1982இல் ஆஸ்வால்ட் ஸ்டீவர்டும் வில்லியம் லெவியும் எலி மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். டென்ட்ரைட் என்பது நியூரானின் சமிக்ஞை வாங்கும் கிளை; சினாப்ஸ்கள் அமையும் அதன் சிறு முட்களின் அடியிலேயே ரைபோசோம் கொத்துகள் இருந்தன. புரதம் செய்யும் ரைபோசோம் சினாப்ஸுக்குப் பக்கத்தில் சும்மாவா இருக்கும்? 1996இல் ஹைஜின் காங், எரின் ஷூமன் இருவரும் ஹிப்போகாம்பஸ் என்ற, நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியின் துண்டில் செல் உடல்களை டென்ட்ரைட்டுகளிலிருந்து வெட்டிப் பிரித்தார்கள். பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தபோது சினாப்ஸ்கள் அப்போதும் வலுப்பட்டன. புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தால் வலுப்படவில்லை. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. செல் உடலிலிருந்து எதுவும் வர வழியில்லாதபடி செய்துவிட்டுக் கேட்ட கேள்வி.

ஆனால் இதில் முக்கியமானது உற்பத்தியைவிடத் தடைதான் என்பேன். சினாப்ஸ் அருகே புரதம் செய்ய, அதற்கான செய்முறையை மரபணுவிலிருந்து எடுத்துச் செல்லும் எம்.ஆர்.என்.ஏ. அங்கே போய்ச் சேர வேண்டும். அது செல் உடலிலிருந்து கிளம்பும்போதே சில புரதங்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன. வழியில் அது புரதமாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. எங்கே போக வேண்டும் என்ற குறிப்பு பெரும்பாலும் எம்.ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில் இருக்கிறது. சினாப்ஸில் சமிக்ஞை வந்ததும் எம்டார் போன்ற நொதிகள் தூண்டப்படுகின்றன, தடை தளர்கிறது, அந்த இடத்தில் புரதம் உண்டாகிறது.

தடை போனால் என்ன ஆகும் என்பதை, அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் மரபு நோயான ஃப்ராஜைல் எக்ஸில் பார்க்கிறோம். 1991இல் கண்டறியப்பட்ட எஃப்.எம்.ஆர்.1 மரபணுவில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து 200 முறைக்கு மேல் திரும்ப வந்தால் மரபணு அடங்கிவிடும். அந்த மரபணு உண்டாக்க வேண்டிய எஃப்.எம்.ஆர்.பி. என்ற புரதம்தான் தடை போடும் புரதங்களில் முக்கியமானது. சினாப்ஸ் வலுப்பட மட்டுமல்ல, வலுவிழக்கவும் பொதுவாகப் புதுப் புரதம் வேண்டும். எஃப்.எம்.ஆர்.பி. இல்லாத எலிகளில், சினாப்ஸில் சமிக்ஞையை வாங்கும் எம்.குளூ.ஆர். ஏற்பிகளைத் தூண்டினால் சினாப்ஸ்கள் அளவுக்கு மீறி வலுவிழப்பதை கிம்பர்லி ஹியூபர், மார்க் பேர் குழுவினர் 2002இல் காட்டினார்கள். அந்த ஏற்பியை அடக்கியபோது எலிகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. அப்புறம் பதின்பருவத்தினரிடமும் பெரியவர்களிடமும் அதே வகை மருந்தைச் சோதித்தார்கள், எதிர்பார்த்த பலன் வரவில்லை. காத்திருந்த குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்த ஏமாற்றத்துக்காக எலிச் சோதனைகளைத் தவறென்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை.

சரி, உங்கள் கேள்வியின் மற்ற பாதி. செல் உடலில் உண்டாகும் புரதங்களும் வரத்தான் செய்கின்றன. தூண்டப்பட்ட சினாப்ஸ் தன்மேல் ஓர் அடையாளம் போட்டுக்கொள்கிறது, அந்தப் பக்கம் வரும் புரதத்தை அது பிடித்துக்கொள்கிறது என்று ஃப்ரை, மாரிஸ் என்ற ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். இரண்டு வழிகளும் ஒரே நியூரானில் சேர்ந்தே நடக்கின்றன.