அப்லேஷனுக்குப் பிறகு சிஆர்பி 6.8

வணக்கம் ஐயா,

என் அப்பாவுக்கு 63 வயது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறுக்குப் பல வருடங்களாக மருந்து சாப்பிட்டு வந்தார். ஐந்து வாரங்களுக்கு முன்பு அதற்காக இதயத்தில் அப்லேஷன் என்ற சிகிச்சை செய்தார்கள். நன்றாகத்தான் இருந்தார். போன வாரம் இரண்டு முறை பழைய படபடப்பு வந்துவிட்டது. இந்த நேரம் பார்த்து, ஒரு லேப்பில் சலுகை விலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், அழற்சியைக் காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பி 6.8 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. "இன்ஃபிளமேஷன் (அழற்சி) இருக்கிறவரை இது போகாது" என்று சொல்லி, மாமா 280 வெள்ளிக்கு மஞ்சள் சாற்று மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்தை இனி எதற்குச் சாப்பிட வேண்டும் என்று அப்பா கேட்கிறார். அப்லேஷன் வீணாகிவிட்டதா?

— ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அப்பாவின் கேள்வி. அந்த மருந்தை நிறுத்த விடாதீர்கள். அப்லேஷனுக்குப் பிறகு குறைந்தது இரண்டு மூன்று மாதம் எல்லோருமே அதைச் சாப்பிட்டாக வேண்டும். அதன் பிறகு தொடர்வதா என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். துடிப்பு சீராகிவிட்டது என்பது மட்டும் நிறுத்தக் காரணமாகாது. அப்பாவுக்கோ அதுவும் இன்னும் சீராகவில்லை.

வீணாகிவிட்டதா என்றால், ஐந்து வாரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் நாளங்களின் வாய்ப்பகுதியிலிருந்துதான் பெரும்பாலும் இந்தக் கோளாறான துடிப்பு கிளம்புகிறது என்று பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998-இல் காட்டினார்கள். அப்லேஷனில் அந்த வாய்களைச் சுற்றிச் சூடோ குளிரோ வைக்கிறார்கள். கொதி எண்ணெய் தெறித்த தோல் போல அந்த இடம் வீங்கி ஆற நாளாகும். அதுவரை துடிப்பு தடுமாறலாம். அதனால்தான் முதல் மூன்று மாதத்தில் வருவதைத் தோல்வியாகக் கணக்கில் எடுக்காமல் இருந்தார்கள். 2024-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இதை இரண்டு மாதமாகக் குறைத்திருக்கிறது. இப்படிச் சீக்கிரம் வந்தவர்களுக்குப் பின்னாலும் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பலருக்குத் தானாகவே அடங்கிவிடுகிறது.

அப்புறம் அந்த 6.8. சிஆர்பி என்பது கல்லீரல் செய்யும் ஒரு புரதம். நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் 1930-இல் கண்டுபிடித்தார்கள். சளிக்காய்ச்சல், ஈறு வீக்கம், கவுட் என்ற மூட்டு வலி, தொப்பைக் கொழுப்பு, எதற்கும் ஏறும். காரணம் போனால் சில நாளில் இறங்கிவிடும். லேப் காகிதத்தில் இருக்கும் 1, 3 என்ற எல்லைகள் பின்னாளில் மாரடைப்பு வரும் அபாயத்தைக் கணிக்க வைத்தவை. அப்லேஷன் நிலைக்குமா என்று அவை சொல்லாது.

சந்தேகம் வந்ததற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு சிஆர்பி கூடுதலாக இருப்பதை 2001-லேயே அமெரிக்காவில் பார்த்தார்கள். ஆனால் கோபன்ஹேகனில் சுமார் 47,000 பேரை ஆராய்ந்து 2010-இல் வெளிவந்த முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மரபணு காரணமாகவே சிஆர்பி கூடுதலாக இருப்பவர்களுக்கு இந்தத் துடிப்புக் கோளாறு அதிகம் வரவில்லை. அதாவது சிஆர்பி கூட வருகிற ஆள், குற்றவாளி அல்ல. அப்லேஷன் நோயாளிகளை ஆஸ்திரேலியாவில் தொடர்ந்து பார்த்தபோதும், அழற்சி அதிகம் ஏறியவர்களுக்கு முதல் மூன்று நாளில்தான் துடிப்புக் கோளாறு கூடுதலாக வந்தது. மூன்று, ஆறு மாதக் கணக்கில் அந்தத் தொடர்பு இல்லை.

அழற்சியைக் குறைக்கும் கொல்சிசின் என்ற மருந்தைக்கூடப் பரிசோதித்தார்கள். 2012-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், அப்லேஷனுக்குப் பின் மூன்று மாதத்தில் திரும்ப வந்தது 33.5 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. எல்லோரும் உற்சாகமானார்கள். பின்னர் வந்த சோதனைகள் அந்த உற்சாகத்தைக் காப்பாற்றவில்லை. வயிற்றுப்போக்குதான் நிச்சயமாக வந்தது. மருந்துக்கே இந்த நிலை என்றால் மாமாவின் மாத்திரையை என்ன சொல்ல! குழம்பில் போடும் மஞ்சள் வேறு, செறிவூட்டிய சாறு வேறு. ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோடு அது சேரும்போது ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். டாக்டரிடம் காட்டும்வரை திறக்க வேண்டாம்.

பலன் தெரிந்த விஷயங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இந்தக் கோளாறு உள்ளவர்களில், உடல் எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்து அதைக் காப்பாற்றியவர்கள், எடை குறையாதவர்களைவிடப் பல மடங்கு நிம்மதியாக இருந்தார்கள். 2020-இல் வந்த இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வில், குடியை விட்டவர்களில் 53 சதவீதத்தினருக்கும் தொடர்ந்தவர்களில் 73 சதவீதத்தினருக்கும் திரும்ப வந்தது. நம் மலேசியாவில் பெரியவர்களில் பாதிக்கு மேல் எடை கூடியவர்கள் என்று 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரவு பதினொரு மணிக்கு மாமாக் (இந்திய முஸ்லிம்) கடையில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் சாப்பிடும் நாட்டில் இது ஆச்சரியமில்லை; நானும் அந்த மேசையில் உட்காருகிறவன்தான்.

அப்பா குறட்டை விடுவாரா, நடுவில் மூச்சு நின்று திணறுவாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தால் துடிப்புக் கோளாறு திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். படபடப்பு வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள், முடிந்தால் அந்நேரமே பக்கத்து கிளினிக்கில் ஈசிஜி எடுத்துவிடுங்கள். அந்தக் காகிதம் இதய டாக்டருக்கு சிஆர்பியைவிட உதவும். சிஆர்பியை மீண்டும் பார்க்க வேண்டுமா என்பதை அவரே சொல்லட்டும். ஆனால் காய்ச்சல், நெஞ்சுவலி, விழுங்கும்போது வலி, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி என்று எது வந்தாலும் அப்பாயின்ட்மெண்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய், அப்லேஷன் செய்த தேதியை அங்கே முதலில் சொல்லுங்கள்.