திரும்பப் பெறும் பெட்டியில் போட்ட புத்தகத்துக்கு அபராதம் ஏறுகிறதா?

கொரோனா காலத்தில், திரும்பி வரும் புத்தகங்களைத் தொற்றுக்கு அஞ்சி மூன்று நாள் தனியே வைத்தபோது, கடலூர் நூலகத்தார் கேட்ட கேள்வி இது. அப்போது சொன்ன பதில்:

புத்தகம் திரும்பி வந்த தேதியை செக்-இன் (திரும்பப் பெற்றதைப் பதியும்) பக்கத்தில் நீங்களே கொடுங்கள், மூன்று நாள் தனியே வைத்த புத்தகத்துக்கு நூலக மென்பொருளான கோஹா அபராதம் போடுவது நின்றுவிடும். தேதிக் கட்டமே காணோம் என்றால், சிஸ்டம் பிரிஃபரன்ஸில் (கோஹாவின் அமைப்புகளில்) 'ஸ்பெசிஃபை ரிட்டர்ன் டேட்' அணைந்திருக்கும்.

புத்தகம் பெட்டியில் விழுந்த நாள் கோஹாவுக்குத் தெரியாது, பார்கோடு படித்த நாள்தான் கணக்கு. பெட்டியில் வந்தவற்றுக்கென்று செக்-இன் பக்கத்தில் உள்ள 'புக் டிராப் மோட்' போதும் என்று நம்பி புதுச்சேரியில் நாங்கள் ஒரு வாரம் ஏமாந்தோம். அது நூலகம் கடைசியாகத் திறந்திருந்த நாளுக்குத்தான் பின்னே போகும், கடலூரில் நீங்கள் ஜன்னல் வழியாகத் தினமும் புத்தகம் கொடுப்பதால் நேற்றோடு நின்றுவிடும்.

முதலில் ஒரு புத்தகத்தில் மட்டும் செய்து, உறுப்பினர் கணக்கில் அபராதம் போய்விட்டதா பாருங்கள். எது எந்த நாள் வந்தது என்ற குழப்பத்துக்கு, அன்றன்று கிழிக்கிற காலண்டர் தாளையே அன்றைய புத்தகங்களோடு வைத்துவிடுவோம். செலவில்லாத வேலை!

ஒன்று கவனம். 'அடுத்த செக்-இன்னுக்கும் நினைவில் வை' என்பதை டிக் செய்தால், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு வருவதற்கெல்லாம் பழைய தேதி விழும். அப்புறம், புத்தகங்களை அடுக்காமல் பரப்பி வையுங்கள். அடுக்கியவற்றில் கொரோனா வைரஸ் கூடுதல் நாள் தங்கியதை, நூலகங்களுக்காக நடந்த அமெரிக்காவின் ரீல்ம் ஆய்வு 2020இல் பார்த்தது.